பழைய காத்தாடியைப் பார்க்கக் குடும்பத்தோடு போவது வீண் வேலையா?

பூளவாடி மருமகள்:
போன ஞாயிறு பிள்ளைகள் இருவரையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு குடிமங்கலம் பக்கம் ஒரு பழைய காற்றாலையைப் பார்த்துவிட்டு வந்தோம். "பஸ்ஸில் போனாலே நூறு தெரியும், இதுக்கு ஒரு நாளா?" என்று நாத்தனார் கேட்டார். எனக்கு அது வீணான நாளாகத் தோன்றவில்லை.

நாங்கள் பார்த்தது 1990களில் நட்ட சின்னக் காத்தாடி, 225 கிலோவாட். இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கட்டிய கோபுரம், ஹைடென்ஷன் டவர் போலவே இருக்கும். இறக்கையின் நிழல் நொடிக்கு இரண்டு முறை வண்டித்தடத்தைக் கடந்து போகிறது. சின்னவன் ஒவ்வொரு நிழலையும் தாண்டித் தாண்டிக் குதித்தான், அரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. மாமனார் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம்தான் சொன்னார், அந்த வரிசைக்கு அஸ்திவாரம் போட்டபோது ஜல்லி சுமந்தவர்களில் அவரும் ஒருவராம். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரியவை நடுவதற்காக இந்தச் சின்னக் காத்தாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க 2024-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. பெரியவை வரட்டும், சரி. ஆனால் பழையதில் ஒன்றையாவது ஓடுகிற நிலையில் வைத்திருந்து, குடும்பங்கள் வந்து பார்க்க வழி செய்ய வேண்டும் என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

குண்டடம் தோட்டக்காரர்:
வேண்டாம் அம்மிணி. கோபப்படாதீங்க, காத்தாடிக்கு நடுவிலேயே குடியிருப்பவன் சொல்கிறேன்.

இது பூங்கா இல்லை, எங்கள் கொறங்காடு, அதாவது மாடு மேய்க்கும் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அதில் மாடு மேய்கிறது. போன ஆடியில் காரில் வந்த ஒரு குடும்பம் போட்டோ எடுக்க வேலிக் கதவான படலைத் திறந்தது, போகும்போது சாத்தவில்லை. சினை மாடு ஒன்று தாராபுரம் ரோட்டுக்கே போய்விட்டது. லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி மடக்கிப் பிடித்ததால் மாடு பிழைத்தது.

அதோடு, முப்பது வருஷத்து இரும்பு எப்படிங்க வரலாறாகும்? டென்மார்க் தொழில்நுட்பத்தில் வந்த இயந்திரம் அது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது கவலை, எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு. எங்கள் அப்பாரு ஓட்டியது. வாரி என்கிற சரிவில் எருதுகள் பின்னாலேயே நடந்து ஏறும், சால் என்கிற பெரிய வாளி கிணற்றுக்குள் இறங்கும், எருதுகள் திரும்ப முன்னால் இறங்கும்போது அப்பாரு வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். அதில் ஒன்றுகூட இன்றைக்கு எங்கள் ஊரில் இல்லை.

ஈரோடு வாத்தியார்:
தோட்டக்காரர் சொன்ன கவலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மகள் நெதர்லாந்தில் இருக்கிறாள். அங்கே கிண்டர்டைக் என்ற ஊரில் 19 பழைய காற்றாலைகள் இருக்கின்றன, பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டியவை. 1997-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தார்கள். காற்றாலை என்றால் மாவு அரைக்கத்தான் என்று நினைத்துப் போனேன். இல்லை, தண்ணீர் இறைக்க! நாம் கிணற்றுத் தண்ணீரை வயலுக்கு ஏற்றினோம், அவர்கள் பள்ளமான வயலில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றினார்கள்.

ஓர் ஆலைக்குள் ஏறவிடுகிறார்கள். ஏணி மாதிரி செங்குத்தான படி. ஆலைக்காரர் குடும்பம் அதற்குள்ளேயேதான் வாழ்ந்திருக்கிறது, படுக்கை சுவர் அலமாரிக்குள். வெளியே இறக்கை தரையைத் தொடுகிற மாதிரி இறங்கி வந்து மேலே போகிறது. வீட்டில் சாவு விழுந்தால் இறக்கையை ஒரு கோணத்திலும், நல்ல காரியம் என்றால் வேறு கோணத்திலும் நிறுத்துவார்களாம், ஊரே அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். பேரன் இன்றைக்கும் அதையேதான் பேசுகிறான். அதையும் கட்டிய காலத்தில் யாரும் பாரம்பரியம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் கவலையைத் தொலைத்ததே, ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றாததால்தான்.

குண்டடம் தோட்டக்காரர்:
ஐயா, அங்கே கதவைத் திறந்துவிட ஆள் இருக்கிறார், பொறுப்பு ஏற்கிறார். இங்கே முதலாளி எந்த ஊரிலோ. ஒரு ஆபரேட்டர் தம்பி பைக்கில் வந்து பேனலைப் பார்த்துவிட்டுப் போகிறார். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது?

சைட் ஆபரேட்டர்:
அந்த பைக் தம்பி மாதிரி ஓர் ஆள்தான் நான், பன்னிரண்டு வருஷமாக ஏறி இறங்குகிறேன். அண்ணன் சொல்வது சரி. ஓடும் காத்தாடிக்கு அடியில் யாரையும் நிற்க விடக் கூடாது, தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் பார்க்க ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லாதீங்க. பெரிய மெஷின் நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்று, இந்தச் சின்னது நாற்பதுக்கு மேல். அதை கியர் பாக்ஸ் ஆயிரத்துக்கு மேல் ஏற்றித்தான் ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி எட்டு மடங்கு. அதனால்தான் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இத்தனை காத்தாடி. தென்மேற்குக் காற்று மலைக்கு நடுவே அந்த இடைவெளியில் புகுந்து நம் காட்டுக்கு வருகிறது.

கழற்றிய இறக்கை ஒன்றைக் கீழே போட்டிருந்தபோது என் மகளைக் கூட்டிப்போனேன். 13 மீட்டர் நீளம். காற்றை வெட்டும் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், மண்ணும் மழையும் அரித்து உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பின்பக்கம் வழவழ. "காத்து இவ்வளவு கடிக்குமாப்பா?" என்று கேட்டாள்.

கோவை மில் கணக்கர்:
நான் எதிர்ப்பு. நல்ல காற்று வரும் இடத்தை முதலில் பிடித்தவை இந்தச் சின்ன மெஷின்கள்தான். அங்கே இன்றைய மெஷின் நின்றால் பல மடங்கு யூனிட் வரும். ஒன்றை வைத்தாலும் அது இழப்பு. அவை நட்டதற்குக் காரணமும் ஆசை இல்லை. வாங்கிய ஆண்டிலேயே முழு விலையையும் தேய்மானமாகக் கழிக்கலாம் என்ற வருமான வரிச் சலுகை அப்போது இருந்தது. அந்தக் கணக்கை எழுதியவர்களில் நானும் ஒருவன். வரிக்காக நட்டதைக் கோயில் மாதிரி காக்கச் சொல்வது எனக்கு ஏற்பில்லை.

பூளவாடி மருமகள்:
அண்ணா, நீங்கள் எழுதியதுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைக்கும் கதையே. 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் வந்து கோவையில் மில்கள் பெருகின. அந்த மில்கள்தான் பின்னால் தங்கள் கரண்டுக்கு எங்கள் காட்டில் காத்தாடி நட்டன. வரிக்கு நட்டாலும் ஜல்லி சுமந்தது எங்கள் மாமனார். கணக்கு உங்கள் ஏட்டில் இருக்கிறது, அவர் உழைப்புக்கு அந்தக் கோபுரத்தை விட்டால் வேறு அடையாளம் இல்லை.

குண்டடம் தோட்டக்காரர்:
மாமனாரைப் பற்றிச் சொன்னது மனசில் நிற்கிறது. ஆனாலும் காட்டுக்குள் கூட்டம் வருவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு கோபுரத்தைக் கழற்றி, இறக்கையோடு உடுமலையில் பொது இடத்தில் வைக்கட்டும். தம்பி மகள் தொட்ட மாதிரி எல்லாப் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கட்டும்.

பூளவாடி மருமகள்:
தொட்டுப் பார்ப்பதும் வேண்டும்தான். சுற்றாத காத்தாடியில் என் பையன் எந்த நிழலைத் தாண்டுவான்?

குண்டடம் தோட்டக்காரர்:
அதற்குக் காட்டுக்குள் வர வேண்டியதில்லை அம்மிணி. எங்களுக்கு மேற்கே ஒரு பழையது இன்னும் ஓடுகிறது. ஆனியில் வாங்க, காற்று நன்றாக இருக்கும். சாயங்காலம் வெயில் சாய்ந்தால் நிழல் எங்கள் இட்டேரி வரைக்கும், அதாவது இரண்டு வேலிக்கு நடுவே போகும் வண்டித்தடம் வரைக்கும் வரும். கார் மேலே ரோட்டிலேயே நிற்கட்டும், மாமனாருக்கு வாசலில் கட்டில் போடுகிறேன். படலை மட்டும் தொட வேண்டாம்.