லோடு ஏற்றினால் பின்னால் ஊளை: கம்பெனியிலா, பட்டறையிலா?

பத்துச்சக்கரம்: லாரி எடுத்து 14 மாதம், 92,000 கி.மீ. வேகம் ஐம்பதைத் தாண்டினால் பின் அச்சு ஹவுசிங்கிலிருந்து ஊளைச் சத்தம். கம்பெனி சர்வீஸில் மூன்று முறை காட்டியாச்சு. "இந்த மாடலே இப்படித்தான் சார்" என்கிறார்கள். வாரண்டி இருக்கிறது. சண்டை போடவா, நாமக்கல் பட்டறையில் கழற்றி மாற்றிவிடவா?

சங்ககிரிக்காரன்: மாற்றிவிட்டு ஓட்டுங்க தம்பி. என் போன வண்டியைக் கம்பெனியில் பதினோரு நாள் நிறுத்திவிட்டார்கள். பார்ட்ஸ் இலவசம்தான், தவணையை யார் கட்டியது?

கிரீஸ்கை: அண்ணே, இதை மட்டும் சொல்லாதீங்க. நாளைக்கு ஹவுசிங்குக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம், அந்தக் கிரவுனின் பல் உடைந்தால் 'வெளியே கை வைத்த வண்டி' என்று ஒரே வரியில் கைகழுவிவிடுவார்கள். தம்பி, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சத்தம் வருகிறதா, காலை எடுத்தாலா?

பத்துச்சக்கரம்: தொப்பூர் இறக்கத்தில் கியரில் இறங்கினால் சத்தமே இல்லை. லோடோடு மேட்டில் மிதித்தால்தான்.

கிரீஸ்கை: அப்போ சக்கரத்தின் ஹப் பேரிங் இல்லை. அது மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமும். திருப்பத்தில் மட்டும் என்றால், இரு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் ஸ்டார் பினியனைச் சந்தேகப்படலாம். இது கிரவுனும் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் பல் சரியாக உட்காராத தகராறு போலத்தான் இருக்கிறது. இரண்டும் ஜோடியாக வருபவை, ஒன்றை மட்டும் மாற்ற விடாதீங்க. உங்கள் கண்முன் ஆயில் வடிக்கட்டும். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் பசை என்றால் சாதாரணத் தேய்மானம். நகம் அளவு செதில் ஒட்டியிருந்தால் உடனே போட்டோ. சர்வீஸில் புகாரைப் பதியும் ஜாப் கார்டில் 'லோடில் ஊளை' என்று கிலோமீட்டரோடு எழுத வையுங்க.

சங்ககிரிக்காரன்: எழுதட்டும். 'ஓவர்லோடு' என்பார்கள், கதை முடிந்தது.

கிரீஸ்கை: 2018இல் பத்துச் சக்கரத்துக்கு மொத்த எடை வரம்பை 28.5 டன் ஆக்கிவிட்டார்களே. எடைமேடைச் சீட்டு இருக்கிறதா?

பத்துச்சக்கரம்: பாதி இருக்கிறது. மீதியைக் கேட்காதீங்க.

சங்ககிரிக்காரன்: சொன்னேனா இல்லையா!

குமாஸ்தா: ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவர் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டம் வணிகத்துக்கு வாங்குபவரை விலக்கினாலும், சுயதொழிலில் பிழைக்க வாங்கியவரை விலக்கவில்லை. ஆறு வண்டிக்காரர் சங்ககிரி அண்ணனுக்கு அது கஷ்டம்.

சங்ககிரிக்காரன்: அதனால்தான் எனக்குப் பட்டறை.

பத்துச்சக்கரம்: சரி, வியாழக்கிழமை விடுகிறேன். ஜாப் கார்டில் எழுத மாட்டோம் என்றால்?

கிரீஸ்கை: சாவியைக் கொடுக்காதீங்க.