குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு: பொதுப் படகில் போய் வரலாமா?

ஊர்சுற்றி, திருச்சி

வணக்கம். பிப்ரவரி கடைசியில் யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் இருப்பேன், தனியாள். நெடுந்தீவைப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. தனிப்படகு பிடிக்கிற அளவுக்குக் கையில் காசு இல்லை. ஊர் மக்கள் போகிற படகிலேயே காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப முடியுமா? அங்கே சாப்பாடு, தண்ணீர் எப்படி? கடல் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம், அதையும் சொல்லுங்க.

வேலணைப் பிள்ளை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில 776 பஸ் எடுங்கோ. பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியா குறிகட்டுவான் இறங்குதுறையிலயே கொண்டு போய் விடும். ஒன்றரை மணித்தியாலம் வையுங்கோ. விடிய வாற முதல் பஸ்ஸை விட்டிடாதேங்கோ. அதே துறையில நயினாதீவுப் படகும் நிக்கும், நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போற சனம் அதில ஏறும். எந்தப் படகு எண்டு கேட்டிட்டு ஏறுங்கோ.

மாவிலித்துறையான்

நான் நெடுந்தீவில பிறந்து வளந்தனான். இண்டைக்கும் மாசத்தில ரெண்டு தரம் இந்தப் படகிலதான் அம்மாவைப் பாக்கப் போறன்.

படகுக் காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, ஒரு சாப்பாட்டுப் பார்சலின்ர விலைகூட வராது. பயணம் ஒரு மணித்தியாலமளவு. கீழ்த்தட்டுக்கு மரப்படியில குனிஞ்சு இறங்கோணும். வாங்கில நெருக்கிக்கொண்டு இருப்பம். இயந்திரச் சூடும் டீசல் மணமும் முழங்காலில வந்து அடிக்கும். மேல காஸ் சிலிண்டர், பாண் (ரொட்டி) பெட்டி, அரிசி மூட்டை, ஆற்றையோ சைக்கிள். தீவில ஒரு வீட்டு அடுப்பு எரியிறதெண்டால் எல்லாம் இதிலதான் வந்து சேரோணும். கடலுக்குப் பயமெண்டால் படகின்ர நடுப்பக்கமா இருங்கோ, பாதுகாப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கோ. மாசியில கடல் அடங்கியிருக்கும். வைகாசிக்குப் பிறகு சோழகம், அதுதான் தென்மேற்குக் காத்து, எழும்பினால்தான் படகு தூக்கிப் போடும்.

ஒரு விசயம் கெஞ்சிக் கேக்கிறன், சனி ஞாயிறிலயும் நீண்ட விடுமுறையிலயும் வராதேங்கோ. ஆசுப்பத்திரியில நாலு நாள் இருந்திட்டு வீடு திரும்பின என்ர அம்மாவுக்கு அப்பிடியொரு நாளில காலைப் படகில இடம் கிடைக்கேல்லை. மருந்துப் பையை மடியில வைச்சுக்கொண்டு மத்தியானம் வரைக்கும் துறையில இருந்தவ. ஏறினவையில பிழை சொல்லேலாது, அவைக்குத் தெரியாது. நீங்கள் கிழமை நாளில வாங்கோ. நோயாளியளோ கைக்குழந்தைக்காரரோ நிண்டால் அவையை முதல்ல ஏற விடுங்கோ.

மாவிலித்துறையில இறங்கினதும் குமுதினிப் படகு நினைவிடம் இருக்கு. 1985 மே 15, இதே கடலில, இதே மாதிரிப் பயணிகள் படகு. கடற்படைக்காரர் அதில போன சனத்தை, கைக்குழந்தையையும் விடாமல் வெட்டினவங்கள். படம் எடுக்கிறதுக்கு முதல் அதில ஒருக்கா நில்லுங்கோ.

துறைக்குக் கிட்டவே பெருக்கமரம் (பாவோபாப்) நிக்குது. அடிமரம் கோறை, உள்ள ஆள் நிக்கலாம். அரேபியா வணிகர் கொண்டு வந்ததெண்டு சொல்லுவினம். ஆசுப்பத்திரிக்குப் பின்னால பழைய கோட்டை இடிஞ்சு கிடக்கு. பக்கத்தில புறாக்கூடும் இருக்கு. குதிரையள் தெற்குப் பக்க வெளியில. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளத்த குதிரையளின்ர வழி எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தவை. கிட்டப் போகாதேங்கோ, பாண் குடுக்காதேங்கோ. கடும் கோடையில தண்ணியில்லாமல் அதுகள் விழுந்து கிடந்ததை நான் கண்டிருக்கிறன்.

எனக்கு எல்லாத்தையும் விடப் பெரிசு எங்கட வேலியள்தான். சுண்ணாம்பில்லை, சீமெந்தில்லை. முருகைக் கல்லை, அதுதான் பவளப்பாறைக் கல்லை, கல்லுக்குமேல இடம் பாத்து வைச்சது. என்ர அப்பு விழுந்த கல்லைக் கையில எடுத்து, உருட்டிப் பாத்து, பொருந்திற முகம் வரும் வரைக்கும் வைக்கமாட்டார். அதில ஏறி இருந்து படம் எடுக்காதேங்கோ, ஒரு கல் சரிஞ்சால் ஒரு முழம் சரியும்.

குடிதண்ணி ரெண்டு லீற்றர் கொண்டு வாங்கோ. கனக் கிணறு உவர். வெறும் போத்திலைத் திருப்பிக் கொண்டு போங்கோ.

ஊர்சுற்றி, திருச்சி

ரொம்ப நன்றி அண்ணா. புதன்கிழமை வருகிறேன். தீவைச் சுற்ற ஆட்டோ இல்லாமல் சைக்கிள் போதுமா?

மாவிலித்துறையான்

சைக்கிள் கிடைக்கும், தரை மட்டமான தீவு, உழக்கலாம். ஆனால் நிழல் குறைவு, வெயில் நெத்தியில ஏறும். ஒரே நாளில திரும்பிறதெண்டால் தெற்குக் கரை வரைக்கும் சைக்கிளில போக நேரம் காணாது. ஆரேனும் ரெண்டு பேர் சேந்து வந்தால் ஓட்டோக் காசைப் பங்கு போடுங்கோ. படகாலை இறங்கினதும் முதல் வேலையா, திரும்பிற கடைசிப் படகு எத்தினை மணிக்கு எண்டு படகுக்காரரிட்டையே கேளுங்கோ, அண்டைக்கண்டைக்கு மாறும். சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தித் துறைக்கு வந்திடுங்கோ. இரவு தங்கிற யோசனை வந்தால், சின்ன விடுதியள் இருக்கு, முதலே கதைச்சு வைச்சிட்டு வாங்கோ.