விலைவாசியும் தேர்தலும்: உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு

மூவறை வீட்டுக்காரி:
2025 ஏப்ரல் கடைசி, சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தலின் பிரசார நாள்கள். ஆளுங்கட்சி வேட்பாளர் எங்கள் மாடிக்கும் வந்தார். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மூட்டுவலி வேறு. கதவருகில் உட்கார்ந்திருந்தவர், காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருந்த தண்ணீர், மின்சாரக் கட்டணச் சீட்டை எடுத்து நீட்டினார். தண்ணீர் விலை இரண்டு தவணையாக ஏறியது உங்களுக்குத் தெரியும். 2024 ஏப்ரலில் கன மீட்டருக்கு 20 காசு, 2025 ஏப்ரலில் 30 காசு. அம்மா விரல் வைத்துக் காட்டியது அதை அல்ல, கீழே இருந்த பொருள் சேவை வரியை. “குடிக்கிற தண்ணீருக்குமா ஐயா 9 விழுக்காடு?”

உடன் வந்த தமிழ்த் தொண்டூழியர் மொழிபெயர்த்தார். தண்ணீர், மின்சாரக் கட்டணத்துக்கு அரசு தரும் யூ-சேவ் கழிவு வருகிறது, மே மாதம் கடைகளில் செலவழிக்க 500 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டும் வருகிறது என்று பதில் வந்தது. “பற்றுச்சீட்டு எப்போதாவது வருகிறது, வரி மாதா மாதம் வருகிறதே” என்றார் அம்மா. இதை அந்தத் தொண்டூழியர் மொழிபெயர்க்கவில்லை. வேட்பாளர் சீட்டை நான்காக மடித்தார், தன் துண்டுப்பிரசுரத்தை அதன்மேல் வைத்தார், இரண்டையும் சேர்த்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா மறந்துவிட்டார். எனக்கு இன்றுவரை ஆறவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

தோசைக்கடை:
வடக்கே ஒரு காப்பிக்கடையில் கடை வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் காலையில் வருவார். தோசையும் வடையும் வாங்கி, சரியான சில்லறையை எண்ணி வைப்பார். விலைப்பலகையில் பழைய ஒட்டுச்சீட்டின்மேல் புதிய ஒட்டுச்சீட்டை ஒட்டிய அன்று, அதே சில்லறையை வைத்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரே நிமிர்ந்து பார்த்தார், வடையைத் தட்டிலிருந்து எடுத்து என் பக்கம் தள்ளினார். “இருக்கட்டும் ஐயா, சாப்பிடுங்கள்” என்றேன். “உனக்கும் வாடகை இருக்கிறது தம்பி” என்று சொல்லிவிட்டு வெறும் தோசையோடு மேசைக்குப் போனார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் கடைக்காரர் வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும். என் கடை அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அதனால் நான் வாடிக்கையாளரிடம் வரி வாங்குவதில்லை. ஆனால் அரிசி, உளுந்து, எண்ணெய், எரிவாயு என்று நான் வாங்குவதில் எல்லாம் வரி சேர்ந்தே வருகிறது, அதைத் திரும்பக் கோரவும் முடியாது. “வரி ஏறியது ஒரு விழுக்காடு, நீ ஏற்றியது இருபது காசா?” என்று கேட்கிறார்கள். காலை நேரக் கூட்டத்தில் யாருக்கு இதை விளக்குவது?

கணக்குப்பிள்ளை:
மேலே எழுதிய இருவரின் வருத்தமும் புரிகிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலையில், நாட்டின் 60ஆம் ஆண்டுக்கான எஸ்ஜி60 பற்றுச்சீட்டு தொடங்கியபோது சமூக மன்றத்தில் உதவிக்கு நின்றேன். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 800 வெள்ளி. அச்சிட்ட சீட்டுகளை வாங்கிய ஒரு பாட்டி அவற்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, மறுபடி வெளியே எடுத்து எண்ணிப் பார்த்து, “நல்ல வஞ்சிரம் வாங்கி நாளாயிற்று” என்றார். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் பற்றுச்சீட்டை இளக்காரமாகப் பேசமாட்டார்கள். மக்கள்தொகை மூப்படைகிறது, மருத்துவச் செலவுக்கு எங்கிருந்தோ பணம் வந்தாக வேண்டும். மக்கள் இவ்வளவு கொதிப்பில் இருந்தால், 2020இல் 61.24 விழுக்காடு வாக்கு பெற்ற ஆளும் மக்கள் செயல் கட்சி 2025 மே 3ஆம் தேதி 65.57 எப்படிப் பெற்றது? 97 இடங்களில் 87?

இரவுப்பணி:
@கணக்குப்பிள்ளை, வஞ்சிரம் வாங்க அந்தப் பாட்டி ஏன் பற்றுச்சீட்டுக்குக் காத்திருக்க நேர்ந்தது? அதைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

வாக்கு விவரத்துக்கு வருகிறேன். நான் பாதுகாவல் அதிகாரி. வாக்களித்துவிட்டு நேரே பணிக்கு வந்த மூத்த சகா, மாலையில் ஓய்வறையில் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “விலைவாசியை நினைத்தால் எதிர்த்துத்தான் போட்டிருக்க வேண்டும். டிரம்ப் இறக்குமதி வரி போடுகிறான், நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை. இந்த நேரத்தில் ஆளை மாற்றப் பயமாக இருந்தது.” அவர் வாக்கும் அந்த 65.57க்குள்தான் இருக்கிறது. அது மனநிறைவோடு போட்ட வாக்கு என்று யாரும் கணக்கு எழுத வேண்டாம்.

மூப்படையும் மக்கள்தொகைக்குப் பணம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. எந்த நேரத்தில் கைவைத்தார்கள் என்று பாருங்கள். 2023 ஜனவரியில் மூலாதாரப் பணவீக்கம் (தங்குமிட, தனியார் போக்குவரத்துச் செலவு சேராதது) 5.5 விழுக்காடு. அதே ஜனவரி முதல் தேதிதான் வரி 7இலிருந்து 8 ஆனது, மறு ஆண்டு 9. தள்ளிப்போடச் சொன்னவர்கள் நாடாளுமன்றத்தில் இருந்தார்கள், எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி அந்த வரி உயர்வு மசோதாவை எதிர்த்தே வாக்களித்தது. இப்போது பணவீக்கம் தணிந்துவிட்டது என்கிறார்கள். ஏறும் வேகம்தான் தணிந்திருக்கிறது, ஏறிய விலை இறங்கவில்லை. என் சம்பளச் சீட்டுக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

சிக்கனச்செல்வி:
பஸ்ஸில் ஒரு பள்ளி மாணவி, பயண அட்டையில் பணம் போதாமல் திரும்பி இறங்கப் பார்த்தாள். எனக்கு என் மகள் நினைவு வந்துவிட்டது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் வருந்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை, சில வழிகளைச் சொல்கிறேன். வார நாளில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்துவிட்டால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும். சிடிசி பற்றுச்சீட்டில் பாதிதான் பேரங்காடிக்கு, மற்றப் பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். பலர் முதல் பாதியை ஒரே வாரத்தில் முடித்துவிட்டு மற்றதைக் கடைசித் தேதியில் தேடுகிறார்கள். அரிசி, எண்ணெய்க்கு மட்டும் பேரங்காடிப் பாதியை ஒதுக்குங்கள். காய்கறிக்குத் தேக்கா சந்தை நல்லது, ஆனால் சந்தை மூடுகிற நேரத்துக்குச் சற்று முன் போக வேண்டும், கீரைக்கட்டு மலிவாகக் கிடைக்கும். மருத்துவக் கட்டணத்தில் அரசு கழிவு தரும் சாஸ் அட்டை இல்லாதவர்கள் உடனே விண்ணப்பியுங்கள், மருந்தகச் செலவு இறங்கும். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போய் மாதச் சாமான் வாங்குவதும் நல்லதுதான், ஆனால் 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரையிலான பொருளுக்குத்தான் வரிச்சலுகை, அதற்குமேல் வாங்கினால் அறிவித்து வரி கட்டவேண்டும். காரில் போகிறவர்கள் பெட்ரோல் தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பள்ளி விடுமுறையில் போகவே போகாதீர்கள்.

மூவறை வீட்டுக்காரி:
@சிக்கனச்செல்வி, நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மூட்டுவலிக்காரர் சோதனைச் சாவடி வரிசையில் எப்படி நிற்பார்? என் அம்மா சிக்கனத்துக்கு வழி கேட்கவில்லை. வரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

தோசைக்கடை:
எல்லாரும் ஜோகூருக்குப் போய்ச் சாப்பிட்டால் எனக்கு யார் வருவார்? வார இறுதியில் என் மேசைகள் காலியாக இருப்பதே அதனால்தான்.

கிழக்குவாசி:
நான் இருப்பது எதிர்க்கட்சி வென்ற தொகுதி. இங்கும் தோசை அதே விலைதான். ஞாயிறு காலை காப்பிக்கடையில் கட்சியின் செய்தித்தாளை விற்ற இளைஞரிடம், “நீங்கள் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். அத்தியாவசியப் பொருளுக்கு வரிவிலக்கு என்றார். அந்த விலக்கால் அதிகம் செலவழிக்கும் பணக்காரருக்கே அதிக லாபம் என்று அரசாங்கம் சொல்கிறதே என்றேன். தம்பி ஓடவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பணக்காரர் அரிசியில் மிச்சம் பிடிக்கும் பத்து வெள்ளி அவருக்கு ஒன்றுமில்லை, உங்களுக்கு அது ஒரு நாள் சமையல் இல்லையா என்று திருப்பிக் கேட்டார். சரிதான். குறைகிற வருமானத்தை எங்கிருந்து ஈடுகட்டுவீர்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னது எனக்குத் திருப்தியாக இல்லை, அவரிடமே அதைச் சொல்லிவிட்டேன். ஆனால் என் கேள்வி முடியும்வரை உட்கார்ந்திருந்தாரே, அந்த அம்மாவின் கதையைப் படித்ததிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஈடுகட்டும் கேள்விக்கு எந்தக் கட்சியிடமாவது ஒழுங்கான பதில் கேட்டவர்கள் இருந்தால் இங்கே எழுதுங்கள். @கணக்குப்பிள்ளை, நீங்களும்தான்.