குரோன்ஸ் நோயோடு 14 வருடம், இப்போது உயரம் நாலரை சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

செங்காங்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது, சிங்கப்பூரில் இருக்கிறேன். 2011-ல் குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பாதிப்பு, 2016-ல் அதில் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டார்கள். நோய் கிளம்பும்போதெல்லாம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள், 40 மி.கி.யில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள், எண்ணிப் பார்த்தால் ஆறு முறை ஆகியிருக்கிறது. இரண்டு வருடமாக வேறு ஊசி மருந்தில் குடல் அமைதியாக இருக்கிறது.

விஷயம் இதுதான். போன மாதம் வேலையிடத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் என் உயரம் 166.5 என்று எழுதினார்கள். தப்பாக அளந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்குப் போகும் முன் எடுத்த பரிசோதனைச் சீட்டை அம்மா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், அதில் 171. வீட்டில் சுவரோடு ஒட்டி நின்று மனைவியை அளக்கச் சொன்னேன், 166.7 வந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. நான் வேன் ஓட்டுகிறேன், உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியைக் கொஞ்ச நாளாகக் கீழே இறக்கி வைத்துத்தான் ஓட்டுகிறேன். தேக்காவில் ஒரே தையற்காரரிடம் பத்து வருடமாக ஒரே அளவில் தைக்கிறேன், பேன்ட் சரியாக இருக்கிறது, சட்டை மட்டும் நீளமாகி இடுப்பில் சுருண்டு கிடக்கிறது.

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் சொன்னேன். வயதானால் எல்லோருக்கும் குறையும் என்றார். நான் விடாமல் கேட்டதால் எலும்பு அடர்த்தி ஸ்கேன், அதுதான் டெக்ஸா, எடுத்தார்கள். இடுப்பு மூட்டில் இசட்-ஸ்கோர் (அதே வயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட எண்) மைனஸ் 1.9, முதுகில் மைனஸ் 0.8. வயதுக்கு ஏற்ற அளவுதான், கால்சியம் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சரி, அளவு சரியாக இருந்தால் நாலரை சென்டிமீட்டர் எங்கே போனது? இந்தக் கேள்விக்கு எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சமூக மன்றத்தில் யோகா வகுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறேன், தொடரலாமா என்றும் தெரியவில்லை.

நடைப்பிரியன் எழுதியது:

பயப்படாதீர்கள் நண்பரே. எனக்கு 61 வயது, எனக்கும் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு தேய்வதால் நாற்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல எல்லோருக்கும் குறையும். அதோடு காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் சாயங்காலம் இருக்காது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும். வேலை முடிந்து அளந்திருப்பீர்கள். காலையில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

நடைப்பிரியன் அண்ணன் சொல்வது பொதுவாகச் சரிதான், ஆனால் இந்தத் தம்பிக்கு அது பொருந்தாது. 46 வயதில் நாலரை சென்டிமீட்டர் என்பது வயது கணக்கில் சேராது. இளமையில் இருந்த உயரத்திலிருந்து 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எலும்பு மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விதி. ஆறு முறை ஸ்டீராய்டு எடுத்தவருக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. பேன்ட் சரியாக இருக்கிறது, சட்டை நீளமாகிவிட்டது என்கிறீர்கள். கால் குறையவில்லை, உடம்பு குறைந்திருக்கிறது. வேன் கண்ணாடியும் அதையேதான் சொல்கிறது, உட்கார்ந்தால் நீங்கள் முன்பைவிடக் குள்ளம். இன்னொன்று செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது இளமை உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும், எலும்பு நொறுங்கினாலும் கை நீளம் மாறாது.

டெக்ஸா பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். டெக்ஸாவில் முதுகு என்று வருவது கீழ் முதுகில் இருக்கும் எல்1 முதல் எல்4 வரையிலான நான்கு எலும்பு மட்டும்தான். அழுத்தத்தில் நொறுங்குவது அதிகமும் நடு முதுகில் 7, 8-வது முள்ளெலும்பும், அதற்குக் கீழே 12-வதும் எல்1-உம். அப்படியென்றால் மேலே மூன்று எலும்பு தட்டையாகிக் கிடந்தாலும் அந்தத் தாளில் எதுவுமே தெரியாது. இன்னும் மோசம், எல்1 நொறுங்கியிருந்தால் அதே எலும்புச் சத்து சின்ன இடத்தில் அடைந்துவிடும், இயந்திரம் அடர்த்தி அதிகம் என்று காட்டும். உங்களுக்கு இடுப்பில் மைனஸ் 1.9, முதுகில் மட்டும் மைனஸ் 0.8 என்று ஏன் இவ்வளவு இடைவெளி என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: நடு முதுகுக்கும் கீழ் முதுகுக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரே. சாதாரண எக்ஸ்ரே போதும். அடர்த்தி எண் எப்படி இருந்தாலும், பெரிய அடி எதுவும் படாமல் முள்ளெலும்பு உடைந்திருந்தால், வேறு நோய் காரணமில்லை என்றால் அது எலும்பு மெலிந்துபோகும் எலும்புப் புரை நோய்தான் (ஆஸ்டியோபோரோசிஸ்).

வலி இல்லையே என்று நினைக்காதீர்கள். முள்ளெலும்பு முறிவில் மூன்றில் இரண்டு பங்கு, முறிவு என்று தெரியாமலே போகிறது. தசைப்பிடிப்பு என்று நினைத்துக் கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கனமான எதையாவது தூக்கும்போது முதுகில் பிடித்தது மாதிரி ஏதாவது நடந்ததா?

மழைத்துளி எழுதியது:

அண்ணா, எனக்குப் பெருங்குடல் அழற்சி, 39 வயது, ஈசூன். எனக்கும் இதே கதைதான், ஆனால் முன்னாலேயே பிடித்துவிட்டார்கள். எலும்பு மருத்துவர் எனக்குப் புரியும்படி சொன்னதைச் சொல்கிறேன். நமக்கு ஒன்றல்ல, மூன்று பக்கத்திலிருந்து அடி. முதலில் ஸ்டீராய்டு: புது எலும்பு கட்டும் செல்லை முடக்கும், உணவிலிருந்து கால்சியம் ஏறுவதைக் குறைக்கும், சிறுநீரில் கால்சியத்தை வெளியே தள்ளும். தொடங்கிய முதல் சில மாதத்தில்தான் எலும்பு வேகமாகக் கரையும், அதனால் விட்டுவிட்டு எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் போகும். இரண்டாவது அழற்சியே. குடல் வீங்கிக் கிடக்கும்போது ரத்தத்தில் சுற்றும் டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருள்கள் எலும்பைத் தின்னும் செல்களைத் தூண்டிவிடும், ஸ்டீராய்டே எடுக்காவிட்டாலும் இது நடக்கும். மூன்றாவது உறிஞ்சும் பிரச்சினை, இது பெருங்குடல் மட்டும் கெட்ட என்னைவிட உங்களுக்கு அதிகம். கடைசிச் சிறுகுடலை வெட்டிவிட்டால் பித்த உப்பு திரும்ப ஏறாது, பித்த உப்பு குறைந்தால் கொழுப்பும் அதோடு கரையும் வைட்டமின் டி-யும் சரியாக ஏறாது. வைட்டமின் டி பார்த்தார்களா? வெயில் கொட்டும் ஊரில் எப்படிக் குறையும் என்று நானும் கேட்டேன். வீவக அடுக்குமாடி புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில், ரயிலிலிருந்து குளிர்சாதன அலுவலகம், நம் நிறத் தோலுக்கு அந்தக் கொஞ்ச வெயில் போதவே போதாது. எனக்கு 11 இருந்தது, 20-க்குக் கீழே போனால் குறைபாடு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இதையெல்லாம் படித்துவிட்டு, பின்னால் எப்போதாவது ஸ்டீராய்டு கொடுத்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானாக ஸ்டீராய்டு சுரப்பதை நிறுத்தியிருக்கும், திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. முதுகு வலித்தால் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம், குடல் நோய் கிளம்பிவிடலாம்.

ஜூரோங் செல்வம் எழுதியது:

நான் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், யோகா கேள்விக்கு மட்டும் பதில். எக்ஸ்ரே வரும்வரை முன்னால் குனியும் ஆசனம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சூரிய நமஸ்காரத்தில் குனிந்து பாதம் தொடுவது, பச்சிமோத்தானாசனம், உட்கார்ந்து முறுக்குவது எதுவும் வேண்டாம். குனியும்போது முள்ளெலும்பின் முன்பக்கத்தில்தான் முழு அழுத்தமும் இறங்கும், அந்த முன்பக்கம்தான் ஆப்பு மாதிரி நசுங்கும். நடைப்பயிற்சி நல்லது, தாராளமாக நடக்கலாம். மசாஜ் செய்கிறேன், முதுகை நெட்டி எடுக்கிறேன் என்று யாரிடமும் படுத்துவிடாதீர்கள்.

இன்னொரு கேள்வி. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு இறுகிக் கிடந்து, நடமாட நடமாட இளகுமா? அப்படியென்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். குரோன்ஸ் உள்ள சிலருக்கு முதுகெலும்பில் ஒரு வகை மூட்டழற்சியும் சேர்ந்து வரும், அதிலும் கூன் விழும், வைத்தியம் வேறு.

செங்காங்காரன் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

முதலில் ஓய்வுபெற்ற தாதி அக்காவுக்கு நன்றி. கையை விரித்து அளந்தோம், 170.5. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. போன வருடம் தீபாவளிக்கு முன்னால் 10 கிலோ அரிசி மூட்டையை வேனிலிருந்து இறக்கும்போது நடு முதுகில் நறுக்கென்று ஒரு சத்தம். மூச்சு இழுத்தால் வலித்தது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன், மூன்று வாரத்தில் போய்விட்டது, மறந்தும் போனேன்.

எக்ஸ்ரேயில் மூன்று எலும்பு. 7, 8, 12. படத்தைத் திரையில் காட்டினார் மருத்துவர். மற்ற எலும்பெல்லாம் அடுக்கி வைத்த சதுரக் கட்டி மாதிரி இருக்க, அந்த மூன்று மட்டும் முன்பக்கம் ஒடுங்கிக் கேக் துண்டு மாதிரி இருந்தது. ஒன்று புதுசாக இருக்கலாம், மற்ற இரண்டும் பழையவை என்றார். மீதி உயரம் வட்டிலும் முன்னால் வளைந்ததிலும் போயிருக்கிறதாம். காலை இறுக்கம் எனக்கு இல்லை, மூட்டழற்சி தெரியவில்லை என்றார். வைட்டமின் டி 14. தைராய்டு, பாராதைராய்டு, ஆண் ஹார்மோன், ரத்தப் புரதம் எல்லாம் பார்த்தார்கள், அவை சரி.

வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையா, வருடம் ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசியா என்று பேசினோம். இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மழைத்துளி எழுதியது:

அண்ணா, படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. ஆனால் இப்போதாவது தெரிந்ததே. நான் எடுத்தது ஊசி. மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாயை அரித்துவிடும். நல்ல குடலிலேயே அது மிகக் கொஞ்சம்தான் ஏறும், வெட்டிய குடலில் எவ்வளவு ஏறும் என்ற கவலை எனக்கு. ஊசி நேராக ரத்தத்தில் போகிறது. முதல் முறை அன்று ராத்திரி காய்ச்சல் மாதிரி உடம்பெல்லாம் வலித்தது, இரண்டு நாளில் சரியானது, அடுத்த வருடம் வரவில்லை. ஊசிக்கு முன்னால் வைட்டமின் டி-யை ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் கால்சியம் விழுந்துவிடும். பல்லில் பிடுங்க வேண்டியது இருந்தால் அதையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்ற இன்னொரு எலும்பு ஊசி பற்றிப் பேசினால், அதை நடுவில் விட்டால் முள்ளெலும்பு மறுபடி உடையும் அபாயம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

எலும்புப் புரை நோய் நாள்பட்ட நோய் மேலாண்மைத் திட்டத்தில் இருக்கிறது தம்பி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணத்தைப் பயன்படுத்தலாம், மருந்தகக் கவுன்டரில் கேளுங்கள். சாப்பாட்டில் நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், தௌகுவா (கெட்டியான சோயாக் கட்டி), கால்சியம் சேர்த்த சோயா பால் நல்லது. கேழ்வரகில் கால்சியம் அதிகம்தான், ஆனால் உங்களுக்குக் குடல் சுருங்கிய இடம் ஏதாவது இருந்தால் நார் போய் அடைக்கும், கஞ்சியை வடிகட்டிக் குடியுங்கள், கீரைத் தண்டு வேண்டாம். அமிலம் குறைக்கும் மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் கால்சியம் கார்பனேட் சரியாக ஏறாது, சிட்ரேட் கேட்டு வாங்குங்கள்.

செங்காங்காரன் எழுதியது:

ஊசி என்று முடிவு செய்துவிட்டேன். வைட்டமின் டி எட்டு வாரம் எடுத்துவிட்டு மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, அதற்கு வரும் வெள்ளிக்கிழமை பல் மருத்துவரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. வேனில் மூட்டை இறக்கும் வேலையை முதலாளியிடம் பேசி மாற்றிக்கொண்டேன். ஊசி போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.