டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் பிளக் அடிக்கடி கறுத்துவிடுகிறது: ஆயிலை மாற்ற வேண்டுமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர். 150 சிசி, காற்றால் குளிரும் இன்ஜின். கையேட்டில் உள்ளபடி 2 சதவீதம், அதாவது ஒரு லிட்டருக்கு 20 மி.லி. 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலக்கிறேன். அண்மைக்காலமாக, நெரிசலில் மெதுவாக ஓட்டி வந்து சிறிது நேரம் நிறுத்திவைத்தால், மறுபடி எத்தனை முறை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. பிளக்கைக் கழற்றினால் முனை முழுவதும் கறுப்பாக, ஈரமாக மினுங்குகிறது. துடைத்து மாட்டினால் ஓடுகிறது. பிறகு மீண்டும் அதே நிலை.

ஆயிலை 1 சதவீதமாகக் குறைக்கும்படி ஒரு மெக்கானிக் சொல்கிறார். இன்னும் சூடான வகைப் பிளக்கைப் போடும்படி மற்றொருவர் சொல்கிறார். கடையில் மினரல், செமி சிந்தெட்டிக், முழு சிந்தெட்டிக், படகு இன்ஜினுக்கான ஆயில் என்று பல டப்பாக்கள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது, எங்கிருந்து தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முதல் பதில்

ஆயிலின் அளவை மட்டும் குறைத்துவிடாதீர்கள். இந்த இன்ஜினில் கிராங்க் பேரிங்குக்கும், கனெக்டிங் ராடின் இரு முனைகளுக்கும், பிஸ்டனுக்கும் பெட்ரோலோடு வரும் அந்த ஆயிலைத் தவிர வேறு உயவு கிடையாது. பாதியாகக் குறைத்தால் பிளக் ஒருவேளை சற்றுத் தாமதமாகக் கறுக்கலாம். ஆனால் ஏற்றத்திலோ நீண்ட வேக ஓட்டத்திலோ பிஸ்டன் சிலிண்டரில் கடித்துக்கொள்ளும் ஆபத்தை நீங்களாகவே வரவழைத்தவர் ஆவீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். கார்புரேட்டரின் ஜெட் தன் வழியே போகும் திரவம் முழுவதையும்தான் அளந்து விடுகிறது. அதில் ஆயிலின் பங்கு குறைந்தால் பெட்ரோலின் பங்கு கூடும். ஆகவே கலவை சிறிதளவு செறிவாகுமே தவிர மெலியாது. கரி படிவதைக் குறைக்க நினைப்பவருக்கு இது எதிர்த்திசை.

அளவைவிட ஆயிலின் தரமே முக்கியம். டப்பாவில் "சிந்தெட்டிக்" என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம். ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) தரக்குறியைத் தேடுங்கள். எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்று அதில் படிகள் உண்டு. எஃப்.சி. தரத்தில் புகையும், சைலன்சரில் படியும் கரியும் எஃப்.பி.யைவிடக் குறைவு, எஃப்.டி. தரம் அதற்கும் மேலாகப் பிஸ்டனையும் ரிங்குகளையும் சுத்தமாக வைத்திருக்கும் ஆற்றல் கொண்டது. உங்களைப் போல நெரிசலில் ஓட்டுபவருக்கு எஃப்.சி. போதும், எஃப்.டி. கிடைத்தால் நல்லது. அந்தத் தரத்தை எட்டும் செமி சிந்தெட்டிக் ஆயிலே இத்தகைய பழைய இன்ஜினுக்கு நிறைவாக இருக்கும் என்பது என் கருத்து.

படகுக்கான டி.சி.-டபிள்யூ 3 ஆயில் நீரால் குளிரும், ஓரளவு குறைந்த வெப்பத்தில் இயங்கும் இன்ஜின்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. காற்றால் குளிரும் ஸ்கூட்டர் இன்ஜினின் வெப்பத்துக்கு அது பொருந்தாது. ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலை ஒருபோதும் கலக்கக் கூடாது. அதில் உள்ள துத்தநாகம், கால்சியம் சார்ந்த சேர்மங்கள் எரிந்து சாம்பலாகி, பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே பாலம்போல் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் பொறி அந்த இடைவெளியைத் தாண்டாமல் படிவின் வழியே கசிந்துவிடும்.

சூடான பிளக், அதாவது மூக்குப்பகுதியில் வெப்பத்தை அதிகம் தக்கவைக்கும் பிளக், என்ற யோசனையையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பிளக்கின் மூக்குப்பகுதி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியை நெருங்கினால் பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளத் தொடங்கும். கையேட்டில் சொன்ன பிளக் இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் நிற்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. உண்மையான பழுதைச் சூடான பிளக்கால் மறைத்தால், ஒரு நாள் வேகமாக ஓட்டும்போது பிஸ்டனின் தலையில் ஓட்டை விழலாம். எண்ணைப் பார்த்து வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக்கூடக் குளிர்ந்த வகை, பாஷ் பிளக்குகளில் எண் கூடக்கூடச் சூடான வகை.

இரண்டாம் பதில்

மேலே சொன்னவை சரி. கறுப்பு எப்படிப்பட்டது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விரலில் ஒட்டும் உலர்ந்த, மென்மையான புகைக்கரி என்றால் கலவை செறிவாக இருக்கிறது: சோக் முழுதாக விலகவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது யாரோ பெரிய ஜெட் மாற்றியிருக்கிறார்கள். ஈரமான, மினுங்கும் கறுப்பு என்றால் எரியாத ஆயில் வேறு வழியாகச் சேர்கிறது, அல்லது பொறி வலுவாக இல்லை.

ஈரக் கறுப்புக்கு நான் முதலில் சந்தேகிப்பது கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீலை. அது தேய்ந்தால், பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு முறையும் கியர் பெட்டியின் ஆயில் கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்படும். சூடேறிய பிறகும் அடர்த்தியான வெண்புகை நிற்காது. கியர் ஆயில் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமலே குறைந்துகொண்டு வரும். வண்டியைச் சமதளத்தில் நிமிர்த்தி நிறுத்தி, கியர் ஆயில் அளவு பார்க்கும் திருகைக் கழற்றிப் பாருங்கள். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கியர் ஆயில் திருகின் விளிம்பு வரை சரியாக இருக்கிறது. புகையும் சூடேறிய பின் குறைந்துவிடுகிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு நிறுத்திய நாள்களில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிறது. திறந்தபடி விட்ட நாள்களில்தான் இந்தத் தொல்லை. இதற்கும் பிளக்குக்கும் தொடர்பு உண்டா?

மூன்றாம் பதில்

தொடர்பு நிச்சயம் உண்டு. கார்புரேட்டரில், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரத்தை அடைக்க வேண்டிய மிதவை ஊசி சரியாக அடைக்கவில்லை. நிறுத்திய பிறகும் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கார்புரேட்டர் இன்ஜினுக்கு மேலே அமர்ந்திருக்கும் ஸ்கூட்டர்களில் அது நேரே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஆவியாக, ஆயில் மட்டும் தங்கும். அடுத்த உதையில் அந்த ஆயில்தான் பிளக்கை நனைக்கிறது.

ஊசியை வெளியே எடுத்து அதன் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வளையமாக ஒரு பள்ளத் தடம் தெரிந்தால் துடைத்துப் பயனில்லை. புது ஊசி போட வேண்டும். தடம் இல்லையென்றால், ஊசி உட்காரும் இடத்தில் துருத் துகளோ டேங்க்கின் மண்ணோ சிக்கியிருக்கும். மிதவையையும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே திரவம் அசையும் ஓசை கேட்டால் அது ஓட்டையாகிக் கனத்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும்.

ஊசி மாற்றிய பிறகும் குழாயை மூடும் வழக்கத்தை விடாதீர்கள். வண்டியைப் பல நாள் நிறுத்துவதாக இருந்தால், குழாயை மூடிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். இல்லையேல் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி ஆயில் மட்டும் மிஞ்சும். டேங்க்கில் ஆயில் ஊற்றும்போதும் குழாய் மூடியே இருக்கட்டும். ஆயிலுக்குப் பிறகு பெட்ரோலை விட்டு, வண்டியை இருபுறமும் நன்றாக ஆட்டிய பின்பே திறக்க வேண்டும். கலக்காத ஆயில் அடியில் தேங்கி ஜெட்டுக்குள் இறங்கினால், எவ்வளவு நல்ல தரமானாலும் பிளக் நனையும்.

இப்போது உள்ள பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம். தூரிகையின் உலோகத் துகள் வெள்ளைப் பீங்கானில் கோடாகப் படிந்து, அதன் வழியே மின்சாரம் கசியும். கையேட்டில் சொன்ன அதே வகைப் பிளக் ஒன்றைப் புதிதாக வாங்கி, இடைவெளியையும் கையேட்டின்படி வையுங்கள்; பெரும்பாலான பழைய ஸ்கூட்டர்களுக்கு அது 0.6 மி.மீ. அளவில் இருக்கும். அதன் நிறத்தைப் பார்க்க விரும்பினால், சும்மா நின்று ஓடிய இன்ஜினில் பார்க்காதீர்கள். நல்ல வேகத்தில் சிறிது தூரம் ஓட்டி, பாதுகாப்பான இடத்தில் கிளட்சைப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மூடி, உடனே இன்ஜினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பழுப்பு நிறம் தெரிந்தால் ஜெட்டைத் தொட வேண்டியதில்லை. அப்போதும் ஈரக் கறுப்பாகவே இருந்தால், பிளக் மூடி, எச்.டி. காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) என்ற வரிசையில் பொறியின் வலிமையைச் சோதியுங்கள். பாயின்ட் (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த வண்டியானால் கண்டென்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.