ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான பாலு மகேந்திராவின் வெளிச்சம் உங்களை எங்கே பிடித்தது?

அம்மாபேட்டையிலிருந்து:
நான் அவரை நேரில் பார்த்ததில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாண போட்டோ எடுக்கிறவன். 2012, சேலத்தில் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத காலம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வீட்டு வளைகாப்புக்குப் போனோம். போன அரை மணியில் கரண்ட் போச்சு, ஃப்ளாஷும் மக்கர். முந்தின வாரம்தான் ‘வீடு’ பார்த்திருந்தேன், 1988இல் வந்த படம், ஜன்னல் வெளிச்சத்திலேயே முகங்களைப் பார்க்க வைப்பார். சரி, வருவது வரட்டும் என்று அந்தப் பெண்ணை முற்றத்தின் ஓரமாக உட்காரச் சொன்னேன். வெயில் தரையில் பட்டு, அங்கிருந்து கன்னத்துக்கு ஏறியது. கையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்த கோடுகூடத் தெரிந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். ஆல்பத்தைப் பார்த்த மாமியார், “என்னப்பா, புள்ள பாதி இருட்டுல கெடக்குது?” என்றார். பாக்கி இரண்டாயிரம் இன்றுவரை வரவில்லை.

ஏற்காட்டிலிருந்து:
‘மூன்றாம் பிறை’ எங்கள் ஊரில் எடுத்தது என்று பள்ளிக்கூடத்தில் அடித்துப் பேசியிருக்கிறேன். ஊட்டிப் பக்கம், கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷன் என்று பிறகுதான் தெரிந்தது, மானம் போச்சு. ஆனால் என் மேல் முழுத் தப்பும் இல்லை. காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் இடுக்கில் காலை ஏழு மணிக்கு இறங்குகிற பால் மாதிரி வெளிச்சம் அப்படியே அந்தப் படத்தில் இருக்கிறது. அந்த ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது, அதற்கு முன்னால் ‘கோகிலா’வுக்கும். இரண்டையும் இயக்கியவரும் அவரே.

கன்னங்குறிச்சியிலிருந்து:
எங்கள் தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் லைட்பாய். ஏற்காடு ரோட்டில் இப்போது வளைவு மட்டும் நிற்கிறதே, அதற்குள்ளே போய்வந்தவர். 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கலரில் எடுத்தபோது செட்டுக்குள் அடித்த சூட்டில் சட்டையைப் பிழிந்து காயப்போட்டதாகச் சொல்வார், கலர் பிலிமுக்கு அவ்வளவு விளக்கு வேண்டுமாம். அவரை உட்கார வைத்து ‘அழியாத கோலங்கள்’ போட்டுக் காட்டினேன். பையன்கள் வெட்டவெளியில் சுற்றுகிறார்கள், இவர் கதையைப் பார்க்காமல் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று: “இந்தாளு கம்பெனியில லைட்பாய்க்கு என்னடா வேலை?”