தாத்தா பட்டாளத்துக்காரர், ஆனா ஆட்டம்னா உயிர். ரெண்டையும் சேர்த்து எழுதலாமா?

பூன்லே பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் எங்க தாத்தா, அம்மாவோட அப்பா, தவறிட்டாங்க. 87 வயசு. அடுத்த வாரம் முப்பத்தோராம் நாள் படையல், வர்றவங்களுக்குக் குடுக்க அவரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதும்மான்னு அம்மா என்கிட்ட சொல்லிட்டாங்க.

தாத்தா 1957ல 1 எஸ்ஐஆர், அதாவது சிங்கப்பூரோட முதல் காலாட்படைப் பிரிவு, ஆரம்பிச்சப்பவே சேர்ந்தவர், இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து மோதின கான்ஃப்ரன்டேஷன் சமயத்துல செபாத்திக் தீவுக்குப் போனவர். ஆனா வீட்ல அதைப் பத்தி வாயே திறக்க மாட்டார். எங்களுக்குத் தெரிஞ்ச தாத்தா சனிக்கிழமை சாயந்திரம் மேசை நாற்காலியெல்லாம் ஓரமா தள்ளிட்டு, சட்டைக்கையை முழங்கைக்கு மேல மடிச்சு விட்டுக்கிட்டு ஜோகெட்ங்கிற மலாய் ஆட்டம் ஆடுற தாத்தாதான். மூட்டு வலி வந்தப்புறமும் விடல, நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலை மட்டும் தட்டித் தட்டி ஆடுவார், பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்காரப் பெரியம்மா) வாசல்ல நின்னு கை தட்டுவாங்க.

அலமாரியில ஒரு போட்டோ கிடைச்சது, பின்னாடி பென்சில்ல "நியூ வேர்ல்டு 1961"னு எழுதியிருக்கு, ஜாலான் புசார்ல இருந்த பழைய கேளிக்கைப் பூங்கா அது. எங்க பெரிய மாமா என்ன சொல்றார்னா, படையல் அன்னைக்கு ஆட்டம் பாட்டம்னு எழுதாதே, அந்தக் காலத்துல அங்க போறவங்களைப் பத்தி ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாது, ராணுவத்துல இருந்தார்னு மட்டும் எழுதுன்னு. எனக்கு மனசு ஒப்பல. பெரியவங்க என்ன நினைக்கிறீங்க?

பழைய சிப்பாய்:
உங்க தாத்தாவுக்கு என் வணக்கம்மா. நான் 2 எஸ்ஐஆர், அவருக்கு இளையவன். செபாத்திக்குக்கு 1 எஸ்ஐஆர் போனது 1963 டிசம்பர்ல. சபா கரையோரம் இருக்கிற தீவு, பாதி அந்தப் பக்கம் இந்தோனேசியா, கரையெல்லாம் சதுப்பு. ராத்திரி முழுக்க நனைஞ்ச பூட்ஸோட காவல் நிக்கணும்னு போயிட்டு வந்தவங்க சொல்வாங்க. எங்க ஆளுங்களை 1965 பிப்ரவரியில கோத்தா திங்கி பக்கத்துல பதுங்கியிருந்து சுட்டாங்க, கூடச் சாப்பிட்டவங்க பல பேர் திரும்பி வரல. அதையெல்லாம் பிள்ளைங்க முன்னாடி உக்காந்து சொல்ல எங்களுக்கு வராதும்மா. அவர் பேசாததுக்கும் அதுதான் காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது. லீவு கிடைச்சா எங்கள்ல பாதிப் பேர் நேரா ஜாலான் புசார்தான், மலாய்க்காரர் சீனர் தமிழர் எல்லாம் ஒண்ணா. பரேடுக்குப் போட்ட அதே கிவி பாலிஷைத்தான் ஆடப் போற சப்பாத்துக்கும் போடுவோம், பஞ்சுல தண்ணி தொட்டு முகம் தெரியற வரைக்கும் தேய்ப்போம். நீங்க ரெண்டையும் எழுதுங்க. அவரோட டிஸ்சார்ஜ் பேப்பர் வீட்ல எங்கயாவது இருக்கும், தேடிப் பாருங்க, சேர்ந்த தேதி, ரேங்க் எல்லாம் அதுல கிடைக்கும்.

ஜாலான் புசார் அக்கா:
மாமா சொல்றது அந்தக் காலத்துப் பேச்சு, அவரைக் குறை சொல்ல முடியாது. நியூ வேர்ல்டு 1923ல திறந்தது, கேபரேயும் இருந்துச்சு, அதனால குடும்பத்துல பெரியவங்க முகம் சுளிப்பாங்க. ஆனா அங்கேயே குத்துச்சண்டை, மல்யுத்தம், பங்சாவான்ங்கிற மலாய் நாடகம், சினிமான்னு எல்லாம் நடக்கும், பிள்ளைகுட்டியோட போன குடும்பங்களும் நிறைய. ஜோகெட் மேடைன்னா டிக்கெட் வாங்கிக்கிட்டு ஏறணும், வயலின், ரெபானாங்கிற கைப்பறை, கோங் எல்லாம் வாசிக்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முன்னாடி வந்து பின்னாடி போய் ஆடுறது, ஆளை ஆள் தொடவே மாட்டாங்க. அதை மாமாகிட்ட சொல்லுங்க, பாதிக் கோபம் குறையும். இப்ப அந்த இடத்துலதான் சிட்டி ஸ்குவேர் மால் நிக்குது, பழைய நுழைவாயிலை மட்டும் பக்கத்துல வச்சிருக்காங்க, போட்டோ எடுத்து தாத்தா படத்துக்குப் பக்கத்துல போடுங்க.

லைன் டான்ஸ் மாலா:
நான் சமூக மன்றத்துல மூத்தவங்களுக்கு லைன் டான்ஸ் சொல்லித் தர்றேன். ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்த மக்சிக்கைப் போய்ப் பாருங்க, இன்னைக்கே. எந்தப் பாட்டுக்கு எழுந்து ஆடுவார், எந்தக் காலை முதல்ல வைப்பார்னு வீட்டு ஆளுங்களை விட அவங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் தேசிய ஆவணக் காப்பகத்துல வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் 1979ல இருந்து இருக்கு, நிறையத்தை இணையத்துலயே கேக்கலாம், பழைய எஸ்ஐஆர் ஆளுங்க பேசினதைத் தேடிக் கேளுங்க, தாத்தா சொல்லாம விட்டது கொஞ்சமாவது புரியும்.

பூன்லே பேத்தி:
ரொம்ப நன்றி. சிப்பாய் ஐயா, நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், அழுதுட்டாங்க. பேப்பர் பிஸ்கட் டின்னுக்குள்ள இருந்துச்சு, கார்ப்பரல்னு போட்டிருக்கு, எங்க யாருக்குமே தெரியாது. மக்சிக்கைப் பார்த்தேன், எப்பவும் இடது கால்தானாம், மார்ச் பண்ணிப் பழகின காலுன்னு அவங்ககிட்ட சொல்வாராம். பெரிய மாமாகிட்ட தொடாம ஆடுறதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "போட்டோவைப் பெருசா போடு"ன்னுட்டார். முதல் பக்கம் செபாத்திக், ரெண்டாம் பக்கம் நியூ வேர்ல்டு. ஐயா, படையலுக்கு நீங்களும் வரணும், பூன் லேதான், விலாசம் தனியா அனுப்புறேன்.